சுப்பிரமணி மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது

தானியேலுக்கு அப்பா எழுதுவது. கடிதத்தின் தலையில் நம் ஆட்கள் வழக்கமாகப் போடும் தோத்திர வரியை முதலில் எழுதிப் பார்த்தேன். அதற்குக் கீழே நான் எழுத வேண்டிய விஷயம் அதோடு ஒட்டவில்லை. அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். லைன் சரியில்லை, காதில் விழவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் வார்டில் மூச்சுக்குழாய் போட்டுக் கிடக்கிற பெரியவரின் மனைவி, உன் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, தன் கணவருக்காக ஒரு ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீ டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி நழுவிவிட்டாய். அதைச் சொல்லிவிட்டு, "நீங்க எத்தனையோ பேருக்கு ஜெபம் பண்ணியிருக்கீங்களேப்பா, எப்படி ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாய். ஆறு வருடமாக ஜெபம் என்ற சொல்லையே என் முன்னால் எடுக்காத மகன் கேட்கிறான். எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது, உடனே பயம் வந்தது. எப்படி ஆரம்பிப்பேன் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை நடக்கிறது; வெளிநாட்டில் பேங்குகள் விழுந்ததற்கு இங்கே நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். இன்றும் வேலை இல்லை. உன் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே ஏதாவது பிடிபடும் போலிருக்கிறது.

நானும் உன் அம்மாவும் உடன்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தபோது இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை. நாள் முழுக்க ஸ்டீம் அயர்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை; துணி சுருக்கம் போயிற்றா என்று மட்டும் பார்ப்பார்கள். சபையில்தான் எனக்கு ஒரு குரல் உண்டு என்பது தெரிந்தது. ஒரு நாள் போதகர் ஐயர் வராதபோது என்னை ஜெபம் பண்ணச் சொன்னார்கள். கண்ணை மூடிப் பேச ஆரம்பித்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது இரண்டு மூன்று பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல், கல்யாணத் தடை, வேலை போனது, பிள்ளை இல்லாதது என்று எல்லாவற்றுக்கும் என்னைத் தேடி வந்தார்கள். கம்பெனியில்கூடத் தீபாவளி ஆர்டர் நெருக்கடியில், "அண்ணா, லாரி வந்துரோணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேலியும் நம்பிக்கையும் கலந்து கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, தானியேல். கடவுளைப் பிடித்திருந்ததா, ஆட்கள் என்னைத் தேடி வந்தது பிடித்திருந்ததா என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன், முடியவில்லை.

வீரபாண்டி காம்பவுண்டில் நமக்கு அடுத்த வீட்டுக்குச் சுப்பிரமணியும் தெய்வானையும் குடிவந்தது நீ பிளஸ் டூவுக்குப் போன வருடம். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். அவன் சாயப்பட்டறையில் வேலைக்குப் போனான். அவள் என் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவுக்கு வந்தாள். வந்த மூன்றாவது மாதம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்து விழுந்து வெட்டிவெட்டி இழுத்தான். யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். நீதான் அவன் தலைக்கடியில் உன் சட்டையைக் கழற்றி வைத்தாய். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்பதும், அதை மறைத்துத்தான் பட்டறையில் சேர்ந்திருக்கிறான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் தெய்வானை நம் வாசலில் வந்து நின்றாள். "பட்டறையில தெரிஞ்சுதுன்னா நாளைக்கே நிறுத்திப்போடுவாங்கண்ணா. நீங்க கேட்டா உங்க சாமி கேக்கும்னு எல்லாருமே சொல்றாங்க. இவருக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

நான் அன்று முதல் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சுப்பிரமணியின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில் முருகன் படம் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே நிற்பேன். எடுக்கச் சொல்லி நான் கேட்டதில்லை, அவர்களும் எடுக்கவில்லை. அவன் அமைதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். போகப்போக நான் சொல்வதை மெதுவாகத் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொண்டான். இதே நாட்களில் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது, வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாதாமாதம் மாத்திரை தீர்வதற்குள் ஞாபகப்படுத்துவது உன் அம்மாதான். ஜெபமும் மாத்திரையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவனுக்கு வலிப்பு வரவில்லை.

ஐந்தாவது மாதம் சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சுப்பிரமணியையும் தெய்வானையையும் கூட்டிப்போயிருந்தேன்; கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சகோதரன் எத்தனை வருடம் கட்டுண்டு கிடந்தான், ஜெபத்தில் எப்படி விடுதலை பெற்றான் என்று சொன்னேன். உன் அம்மா கோயமுத்தூர் போனதைச் சொல்லவில்லை. மாத்திரையைச் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே மாத்திரை ஞாபகம் வந்தது, அதைச் சொன்னால் சாட்சியின் பலம் போய்விடும் என்று தோன்றியது, தாண்டிப் போய்விட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா மட்டும் குனிந்து தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம். நீ முன்னறையில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா கடைக்குப் போயிருந்தாள். சுப்பிரமணி வந்து நிலைப்படியில் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏனுங்கண்ணா, நீங்க சபையில சொன்னதக் கேட்டதுல இருந்து ஒரு ரோசனைங்க. சுகமாயிப்போச்சுன்னா அந்த மாத்திரய நிறுத்திரலாமுங்களா?" என்றான். இந்த ஒரு கேள்வியை ஆறு வருடமாக நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தாதே என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஒரு வாரத்துக்கு முன்னால் நூறு பேர் முன்னால் நான் சொன்னது என்னவாகும்? நிறுத்து என்று சொல்லவும் தைரியமில்லை. "எல்லாம் உன் விசுவாசத்தைப் பொறுத்தது தம்பி" என்றேன். அது பதிலே இல்லை. அவன் சரிங்கண்ணா என்று தலையாட்டிவிட்டுப் போனான். நீ புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் படிக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டறையில், சாயம் கொதிக்கிற விஞ்ச் மிஷின் பக்கத்தில் நின்று துணியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவனுக்கு இழுத்துவிட்டது. முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பியது. வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. நான் தகவல் தெரிந்து ஓடுவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என் எதிரில் வந்து நின்று, "மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்கதானப்பா?" என்று கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். சின்ன வயதில்கூட உன்னை அடிக்காதவன், மீசை முளைத்த பிள்ளையை அறைந்தேன். நீ அடுத்த ஞாயிறு சபைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாய். ஆம்பிளைப் பிள்ளை நர்சிங்கா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும்; அவன் இஷ்டம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆஸ்பத்திரியில் தெய்வானை என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஜெபம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். குரல் வழக்கம்போல் வந்தது, சொற்கள் வழக்கம்போல் வந்தன. உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமலும் அந்தக் குரல் அப்படியே வருகிறது, கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன்பு நான் பண்ணிய ஜெபங்களும் இப்படித்தானா என்ற சந்தேகம் அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

கை ஆறுவதற்குப் பல மாதம் ஆனது. விரல்கள் மடங்கிப்போயின. பட்டறை வேலை போனது; ஒரு குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டான். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கும்படி உன் அம்மா என்னிடம் சொன்னாள், ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்கு முன்னால் ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். ஆனால் சபையில் சொல்ல வேண்டாம், விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள் என்றார். நானும் அதையே கேட்க விரும்பினேன் போலிருக்கிறது, நிம்மதியாக வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் சோமனூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் மேடையில் ஏறி, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி வலிப்பிலிருந்து அதிசயமாகச் சுகமான கதையைச் சொன்னார். என் கதைதான். நான்கு மாதம் என்று நான் சொன்னது அவர் வாயில் நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் சுப்பிரமணி குடோன் வாசலில் இடது கையால் கேட்டைத் திறக்கப் பழகிக்கொண்டிருந்தான். கூட்டம் அல்லேலூயா சொன்னது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன்.

மறுநாளே சுப்பிரமணியிடம் போனேன். குடோன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கடைப் பையனிடம் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னான். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: சாட்சியில் மாத்திரையை மறைத்தது, அவன் கேட்டபோது நழுவியது, ஆஸ்பத்திரியில் வெறும் வாயால் ஜெபித்தது, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அட விடுங்கண்ணா. நீங்க சொல்லி ஒண்ணும் நான் நிறுத்துலீங்க. அந்த மாத்திரயத் தின்னா வேலை நேரத்துல கண்ணு சொக்குதுங்க. சூப்பர்வைசரு ரெண்டு தடவ பாத்துப்போட்டான். நிறுத்தோணும்னு அதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டனுங்க. உங்களக் கேட்டது சும்மா ஒரு தெம்புக்குத்தான்" என்றான். நான் விடாமல், நிறுத்தாதே என்று நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவன் தன் மடங்கிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "டீ ஆறுதுங்கண்ணா" என்றான்.

அது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஏனென்றால் தெய்வானை உன் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். அண்ணன் சபையில் அப்படிச் சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு, அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டாளாம். உன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். கணவன் ஒன்று சொல்கிறான், மனைவி ஒன்று சொல்கிறாள், இரண்டு பேருமே என் மீது கோபமில்லாமல் சொல்கிறார்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கிறபோதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் மறுபடி மன்னிப்புக் கேட்பேன். அவன் மறுபடி டீ வாங்கித் தருவான். இதில் இன்னொரு விஷயம் எனக்குப் புரிவதே இல்லை. என்னிடம் கற்ற ஜெபத்தை அவன் இன்னும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறான், வேலைக்குக் கிளம்புமுன் இயேசுவின் பேரைச் சொல்லி இரண்டு வரி சொல்கிறான், மாத்திரையைப் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு நான் கொடுத்தது என்ன? விசுவாசமா, வெந்த கையா? இரண்டையும் நான்தான் கொடுத்தேன் என்றால் ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அழிக்க முடியுமா?

போன வருடம் உன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது நீ ஓடிவந்து எல்லாம் செய்தாய். ஒரு மாதம் இருந்து, வேலை போய்விடும் என்று போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. சபையிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று உரத்த சத்தமாக ஜெபித்தார்கள். முடித்துவிட்டு, ஏழு நாளில் அக்கா எழுந்து நடப்பார்கள், உங்களுக்குச் சந்தேகம் மட்டும் வரக்கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்ப் படுத்திருக்கிறவளைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. அது என் குரல்தான், தானியேல். அந்த ஏற்ற இறக்கம்கூட என்னுடையதுதான். அந்த மூன்று பேரில் ஒருவன் என்னிடம் ஜெபிக்கக் கற்றவன். அவர்கள் போன பிறகு மூலையில் நின்றிருந்த தெய்வானை, "மத்தியான மாத்திர குடுத்தாச்சுங்களாண்ணா?" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். அவளே எடுத்துப் பொடித்துக் கொடுத்தாள். ஏழு நாள் கழிந்தது. ஏழு மாதமும் கழிந்தது. தெய்வானை தினமும் காலையில் கம்பெனிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை வருகிறாள். கம்பெனி இல்லாத நாளில் பகல் முழுக்க இங்கேதான். ஏன் இதெல்லாம் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். கோயமுத்தூர் பஸ்ஸில் அக்கா தனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்ததைச் சொன்னாள். வேறு காரணம் சொல்லவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த அம்மா மறுபடி கேட்டால் நழுவாதே. முதலில் அந்தப் பெரியவருக்கு மருந்து ஏறுகிறதா என்று பார். அது உன் வேலை, அதையும் கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, அவர் மனதில் என்ன பயம் இருக்கிறது என்று கேள். அவர் சொன்னதையே கடவுளிடம் சொல்லு, அவ்வளவுதான். பிழைத்துவிடுவார் என்று சொல்லாதே, உனக்குத் தெரியாது. பிழைத்தால் உன் ஜெபத்தால்தான் என்று எங்கேயும் போய்ச் சொல்லாதே. பிழைக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று மனதுக்குள்கூட நினைக்காதே. அந்த அம்மா வேறு சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தால், இந்த நேரத்தைப் பார்த்து அவரை நம் பக்கம் இழுக்கலாமா என்ற நினைப்பு வந்தால், வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. ஆனால் அவரே உன் சாமி யார் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லு. அப்படியானால் ஜெபத்தால் என்னதான் நடக்கிறது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அந்த நான்கு மாதத்தில் ஒரு நாளாவது கடவுள் சுப்பிரமணியைத் தொட்டாரா, அல்லது எல்லாமே மாத்திரைதானா, எனக்குத் தெரியாது. மாத்திரையையும் பஸ்ஸையும் உன் அம்மாவையும் அவர்தான் அனுப்பினார் என்றால், நான் எதற்கு அங்கே நின்றேன் என்பதும் தெரியாது. தெரியாமலே கேட்டுக்கொண்டிருப்பதை விடவும் முடியவில்லை. உன்னை அறைந்ததற்கு நான் இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டவன் பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. அடித்தது தப்பு. என்னை மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். நீ வரும்போது நேரிலும் சொல்லுவேன்.

இன்னொன்று. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் உடனே அம்மாவின் காதில் போனை வைக்கச் சொல்லுவாய். அவள் பேசாவிட்டால் அவ்வளவு தூரத்தில் நீ தனியாக உட்கார்ந்து அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் தெய்வானை உன் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து, கரைத்த ரசஞ்சோற்றைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி குடோனிலிருந்து சாப்பிட வந்தவன் இங்கே எட்டிப்பார்த்தான். "உங்க கொரலக் கேட்டு ரொம்ப நாளாச்சுங்கண்ணா. அக்காளுக்கு ஒரு ஜெபம் சொல்லுங்க" என்றான். உன் அம்மா விழுந்த நாளிலிருந்து நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. முடியாது என்று சொல்ல நினைத்தேன். அவன் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டான், அந்த மடங்கிய கையை நெஞ்சோடு சேர்த்து.

ஆரம்பித்தேன். உன் அம்மாவுக்காகக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. சாட்சியில் சொல்லாமல் விட்டது, நிலைப்படியில் சுப்பிரமணிக்குச் சொன்ன பதில், கொதிக்கிற சாயம், சோமனூரில் நானும் சேர்ந்து சொன்ன அல்லேலூயா, உன் கன்னம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் முடிந்ததும் நிறுத்தத் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். சுப்பிரமணி இரண்டு தடவை ஆமென் சொல்லிப் பார்த்தான். நான் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில் இருந்தபோது, "போதும்" என்று ஒரு சத்தம் கேட்டது.

உன் அம்மாவின் குரல். நாக்கு தடித்த மாதிரி இருந்தது, ஆனால் சொல் தெளிவாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, தெய்வானையையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வானை சோறு போதும் என்கிறாள் என்று நினைத்தாள். ஜெபம் நீளமாகப் போய்விட்டது என்று அக்கா சொல்கிறார் என்று சுப்பிரமணி நினைத்துச் சிரித்துவிட்டான், பிறகு அழுதான். நான் என்ன நினைத்தேன் என்று எழுதினால் அது மறுபடி ஒரு சாட்சியாகிவிடும், அதனால் எழுதவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி அவளிடம் மூன்று பேரும் கெஞ்சினோம். அவள் சொல்லவில்லை, இன்று காலை வரை வேறு ஒரு சொல்லும் வரவில்லை. யாருக்குச் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெய்வானை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். நான் ஜெபத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, ஈரத்துணியை எடுத்து உன் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டேன்.

அப்பா